வாடைக் காலத்து மண் பாதைகள்: மணற்காடா, வல்லை வெளியா, நெடுந்தீவா?

மார்கழி விடுமுறை நெருங்கிவிட்டால் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: இந்த முறை மோட்டார் சைக்கிள்களை எந்த மண்ணில் இறக்குவது? நெல்லியடியிலிருந்து மூன்று நண்பர்கள் வருவார்கள். மச்சான் வருவான். இப்போதுதான் ஓடிப் பழகியிருக்கும் தங்கையும் வருவாள். பின்னால் பட்டா எனும் சிறிய லொறியில் சாப்பாட்டுச் சட்டிகளோடு மாமாவும் மாமியும் இரண்டு சிறுவர்களும். இத்தனை பேருக்கும் பொருந்துகிற ஒரு பாதை வேண்டும். மணற்காடு, வல்லை வெளி, நெடுந்தீவு மூன்று இடங்களிலும் ஓடிப் பார்த்துவிட்டேன். மாரியில் பாதையைத் தீர்மானிப்பது மழைதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே மழை ஒரு மண்ணை இறுக்கும். இன்னொரு மண்ணைக் களியாகக் குழைத்துவிடும்.

முதலில் வல்லை வெளி. யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில் போகிற எவரையும் அந்த வெளி இழுக்கும். தொண்டைமானாறு நீரேரியின் ஓரமாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரமில்லாத தரவை. வீட்டுக்குக் கிட்டவும் இருக்கிறது. ஆடி, ஆவணியில் அங்கே ஓடினால் சிமெந்துத் தரைபோல இருக்கும். அதே தரை மார்கழியில் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரேரி பரந்துவிடும், ஓரமெங்கும் களி. இரண்டு நாள் வெயில் எறித்தால் அந்தக் களியின் மேல் ஒரு பொருக்குக் காயும். பார்ப்பவர் கண்ணுக்கு அது உலர்ந்த நிலம். சில்லு ஏறியதும் பொருக்கு உடையும். கீழே முழங்கால் அளவு சேறு.

மச்சான் அப்படித்தான் புதைந்தான். பின் சில்லு பாதிவரை இறங்கிவிட்டது. கிளச்சை விட்டு முறுக்க முறுக்க இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு போனது. அந்த வழியாக மாடு சாய்த்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர், "தம்பி, முறுக்காதேயுங்கோ. நிப்பாட்டிச் சரித்துப் போடுங்கோ" என்றார். சரியான யோசனை. மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் சரித்து, சில்லு கிடந்த குழிக்குள் பலகையும் பனை மட்டையும் திணித்து, பிறகு நிமிர்த்தி, கயிறு கட்டி நான்கு பேர் இழுத்தோம். அதற்குள் பொழுது கருகிவிட்டது. மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வீதியோரத்தில் பட்டாவுக்குள் சிறுவர்கள் நடுங்கிக்கொண்டு இருந்ததை நான் மறக்கவில்லை. வெப்பமானியில் நம்முடைய குளிர் பெரிய குளிராகத் தெரியாது. ஆனால் நனைந்த சட்டையோடு வாடைக்காற்றில் வெட்டவெளியில் நின்று பார்த்தவருக்கு அது என்னவென்று தெரியும். மாரியில் வல்லை வெளியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

குடாநாட்டின் கிழக்குக் கரையிலுள்ள மணற்காட்டில் இதற்கு நேர்மாறு. காய்ந்த மணல்தான் புதியவருக்கு எமன். முன் சில்லு தன் பாட்டுக்குத் திரும்பும், பின் சில்லு உழும். மழை பெய்த மணலில் பருக்கைகளுக்கிடையே நிற்கும் நீர் அவற்றை ஒன்றோடொன்று பிடித்துவைக்கிறது. சிறுவர்கள் ஈரமணலில்தானே வீடு கட்டுகிறார்கள்! அதே பிடிப்பு சில்லையும் தாங்குகிறது. மழை விட்டு ஒரு நாள் கழித்துக் காலையில் போனால், சவுக்கங்காட்டுக்குள் போகிற பாதை மெத்தென்று, ஆனால் உறுதியாக இருக்கும். தங்கை முதன்முதலாக விழாமல் ஓடி முடித்தது அந்தப் பாதையில்தான்.

எங்கள் வழி வல்லிபுர ஆழ்வார் கோவிலடியில் தொடங்கும். அங்கிருந்து மணற்காடு. மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களருகே முதல் ஓய்வு. பிறகு குடத்தனை, நாகர்கோவில், செம்பியன்பற்று என்று தெற்கே இறங்கி மருதங்கேணி. தார் வீதியும் இதே ஊர்களைத் தொட்டுக்கொண்டு வருவதால் பட்டா எப்போதும் எட்டுகிற தூரத்தில் இருக்கும். குடும்பத்தோடு போகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. களைத்தவர் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். பின் இருக்கையில் சிறுவர்களை வைத்து மணலில் ஓட வேண்டிய தேவையே வராது.

இந்தப் பாதையில் சில கட்டுப்பாடுகளை நான் விட்டுக்கொடுப்பதில்லை. மணல் மேடுகளின் முகத்தில் ஏறக்கூடாது. அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வேர்விட்டுப் பிடித்திருப்பதால்தான் அந்த மேடுகள் நிற்கின்றன. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நாம் ஒற்றுமைக்குச் சொல்கிற பழமொழியை அந்தக் கொடி மணலில் செய்தே காட்டுகிறது. ஒரு சில்லு அதை அறுத்துவிட்டால் அந்த இடத்தில் காற்று மணலை அள்ளத் தொடங்கும். ஏற்கெனவே மணல் அகழ்வால் காயப்பட்ட கரை அது. பொழுதுபோக்குக்காக நாமும் காயப்படுத்துவது எனக்குப் பொறுக்காது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. போர்க்காலத்தில் நாகர்கோவிலிலிருந்து முகமாலை வழியாகக் கிளாலி வரை முன்னரங்கு நீண்டிருந்தது. முகமாலை நாட்டின் மிகப் பெரிய மிதிவெடிப் பிரதேசங்களில் ஒன்று. ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றியும், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையை இன்றும் கண்டால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். ஊர் மக்கள் நாளாந்தம் போய்வருகிற தடத்தைவிட்டு ஒரு முழம்கூட விலகக்கூடாது. குறுக்கு வழி தேடுகிற நண்பனை நான் அடுத்த முறை அழைப்பதில்லை.

டிசம்பர் 26 அன்றும் அந்தப் பக்கம் போவதில்லை. 2004 ஆம் ஆண்டு சுனாமி அந்தக் கரையூர்களில் எத்தனையோ வீடுகளை வெறுமையாக்கிச் சென்றது. உடுத்துறை நினைவாலயத்தில் உறவுகள் விளக்கேற்றுகிற நாளில் எஞ்சின் இரைச்சலோடு கடந்துபோக மனம் வராது. இன்னும் தெற்கே சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம். 2015 இல் தேசியப் பூங்காவானது. மாரியில் அங்கே பறவைகள் வந்து இறங்கும் காலம். ஆகவே மருதங்கேணியைத் தாண்டிப் போனாலும் கட்டைக்காட்டோடு எங்கள் சவாரி முடிந்துவிடும்.

நெடுந்தீவைப் பற்றி நண்பர்கள் கண்கள் மின்னப் பேசுவார்கள். பேசத்தக்க இடம்தான். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பு, முருகைக்கல் மதில்களுக்கிடையே ஒழுங்கைகள், மழைக்குப் பச்சை பிடித்த புல்வெளியில் காட்டுக்குதிரைகள், பெருக்குமரம். நிலத்தடியில் முருகைக்கல் இருப்பதால் சேறு ஆழமாக இராது. தரையைப் பொறுத்தவரை மூன்றிலும் நம்பகமானது அதுதான். ஆனால் குறிகட்டுவானில் மோட்டார் சைக்கிள்களைக் கைகளால் தூக்கிப் படகில் ஏற்ற வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். வாடை முற்றினால் படகு ஓடாது, போனவர்கள் அங்கேயே தங்க வேண்டியதுதான். மாமிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. குதிரைகளுக்கு அருகே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் இளைஞர்களுக்கு நூறு முறை சொல்ல வேண்டியிருக்கும். தை பிற்பகுதியில் கடல் அடங்கியதும் நண்பர்கள் மட்டும் ஓர் இரவு தங்கிவரப் போனால் அது வேறு சுகம். குடும்பத்தோடு ஒரு நாளில் போய்வர அது தோதுப்படாது.

எந்த மோட்டார் சைக்கிள் நல்லது என்பதிலும் எங்களுக்குள் ஒரு வாதம் உண்டு. ஹொண்டா எக்ஸ்ஆர் பாஹா வைத்திருக்கும் நண்பன் அதைத் தவிர வேறெதுவும் மண்ணுக்கு ஆகாது என்பான். அதன் 21 அங்குல முன் சில்லு மணல் வரம்பில் ஏறிக் கடப்பதைப் பார்த்தால் அவன் சொல்வது உண்மைதான். ஆனால் இருக்கை உயரமானது. தங்கைக்குக் கால் நிலத்தில் எட்டாது. எட்டாத காலோடு மணலில் நின்றால் சரிவது உறுதி. யமஹா செரோவுக்கும் முன் சில்லு அதே அளவு, இருக்கை தாழ்வு, எடையும் குறைவு. புதியவருக்கு நான் கொடுப்பது செரோதான். வீட்டில் நிற்கும் 97 சீசீ ஸ்பிளெண்டரைக்கூட ஒதுக்க மாட்டேன். ஈரமணலில் அது தாராளமாகப் போகும்; காய்ந்த திட்டு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எதில் ஓடினாலும் மணலில் இறங்குமுன் ரயரின் காற்றைக் குறையுங்கள். நான் 15 பிஎஸ்ஐ வரை இறக்குவேன். ரயர் பரந்து மணலின் மேல் மிதக்கும். அதற்கும் கீழே போனால் ரயர் வளையத்தில் வழுகி ரியூப்பின் வால்வைப் பிய்த்துவிடும். தார் வீதிக்கு ஏறுமுன் மீண்டும் அடிக்க ஒரு கைப்பம்பு போதும். மணலில் முன் பிறேக்கைத் தொட வேண்டாம். எழுந்து நின்று, உடலைப் பின்னுக்குக் கொடுத்து, சீராக முறுக்குங்கள். அலை ஈரமாக்கிய கரையோரம் இறுக்கமாகத் தெரிந்தாலும் அதில் ஓடாதீர்கள். வாடைக் கடலின் அலை சொல்லிக்கொண்டு வராது, உப்புநீர் சங்கிலியைத் தின்றுவிடும்.

இந்த மார்கழிக்கும் மணற்காடுதான் என்று முடிவாகிவிட்டது. மழை விட்ட மறுநாள் காலை ஆறரைக்கு வல்லிபுரத்தடியில் கூடுகிறோம். மாமா அவித்த பனங்கிழங்கும் பிளேன்ரீயும் கொண்டுவருகிறார். மருதங்கேணியில் மதியம் ஒடியல் கூழ். மீனும் நண்டும் அங்கேயே வாங்கலாம் என்று மாமி சொல்லிவிட்டார். இந்த முறை முன்னால் ஓடி வழிகாட்டப்போவது தங்கை.