ஃபோமா, ஃபைபரா: கடலோர வீட்டில் ஒரு விண்வெளிக் கவசம்

படக்கதை, திரைப்பட ரசிகர்கள் பாத்திர வேடமிட்டுக் கூடும் சென்னைக் காமிக் கான் விழாவுக்காக ஒரு விண்வெளி வீரனின் கவச உடையை, ராமேசுவரம் அருகே மண்டபம் என்னும் ஊரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு முறை செய்திருக்கிறேன். முதலில் ஃபைபரில், அதாவது ரெசின் ஊற்றி இறுக்கிய கண்ணாடியிழையில் செய்தேன். அடுத்து, செருப்பின் அடிப்பாகம் வெட்டும் ஈவிஏ ஃபோமில் செய்தேன். அட்டையிலும் செய்யலாம், ஆனால் அடைமழைக் காலத்தில் டப்பாவுக்குள் இருக்கும் அப்பளமே நமுத்துப்போகும் ஊரில், அது அளவு பார்ப்பதற்கு மட்டுமே உதவும்.

திரையில் காணும் பளபளப்புக்கு ஃபைபரே நெருங்கி வருகிறது. 1977இல் வெளியான முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் வெள்ளைக் கவசங்கள், சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் காற்றை உறிஞ்சிப் படியவைத்து வார்க்கப்பட்டவை. அந்த விறைப்பு ஃபோமுக்கு வராது. மேலும், ஃபைபர் படகு கட்டும் கடற்கரையில் ‘மேட்’ எனப்படும் கண்ணாடியிழை விரிப்பும் ரெசினும் எளிதில் கிடைக்கின்றன, கற்றுத்தரப் படகு மேஸ்திரியும் இருக்கிறார். ஆயினும் ரெசினின் நெடிக்குத் துணி முகமூடி போதாது, கரி வடிகட்டி பொருத்திய முகமூடியே வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் பட்டால் நாள் முழுவதும் அரிக்கும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் முடிவை மாற்றியது பழுதுபார்ப்பு. இரவு ரயிலில் மேல் படுக்கையிலிருந்து பை விழுந்து, ஃபைபர் தோள்கவசம் குறுக்கே விரிசல்விட்டது. அதைச் சரிசெய்ய ரெசின் கலந்து, மேட் ஒட்டி, இறுகும்வரை காத்திருந்து, தேய்த்து, பட்டி பார்த்து, மீண்டும் வண்ணம் அடிக்க வேண்டும். விடுதி அறையில் அது நடக்காத காரியம் என்பதால் ஒற்றைத் தோளோடுதான் அரங்கிற்குள் போனேன். அடுத்த முறை ஃபோம் மார்புக்கவசத்தின் ஓரம் கிழிந்தபோது, குளூ கன்னும் ஒரு பசைக்குச்சியும் கால் மணி நேரத்தில் வேலையை முடித்தன. பிறகு உப்புக்காற்று இருக்கிறது. ஃபைபர் துண்டுகளைப் பிணைக்க நான் போட்ட திருகுகளும் கொக்கிகளும் ஒரே கச்சான் காற்றுப் பருவத்தில் துருவேறி வெள்ளை வண்ணத்தில் கறையாக வழிந்தன. எடை குறைந்த ஃபோமுக்கு எலாஸ்டிக் பட்டையும் வெல்க்ரோவும் போதும். அதன் நுண்ணறைகள் மூடியவை என்பதால் ஈரமும் உள்ளே இறங்குவதில்லை, நனைத்த துணியால் துடைத்து நிழலில் வைத்தால் ஆயிற்று.

ஃபோமின் பலவீனம் ஒட்டில் இருக்கிறது. மைக்கா ஒட்டும் ரப்பர் பசையை இரு விளிம்புகளிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதன்பின் அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் சித்திரை வெயிலில் மூட்டுகள் வாய் திறந்துவிடும். வண்ணத்திற்கு முன் ஹீட் கன்னால் மேற்பரப்பை இறுக்கி, தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை நீர்கலந்து நான்கைந்து முறை பூசினேன். அப்படியும் முழங்கை மடிப்பில் வண்ணம் மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கிறது. என் ஃபோம் உடைக்கு வயது இரண்டு ஆண்டுகள்தான். பத்தாண்டு வைத்திருக்க விரும்புவோருக்கு என் அனுபவம் போதிய சான்றாகாது.

தலைக்கவசத்தை மட்டும் இன்னும் ஃபைபரிலேயே வைத்திருக்கிறேன். அதில் மடிப்பும் இல்லை, திருகும் இல்லை. பயணத்தில் அது என் மடியிலேயே இருக்கும்.