ஐந்து வருட ஏர் ரைஃபிளும் ஒரு ரூபாய் நாணயமும்

ராயபுரத்தில் எங்கள் வீடு அகலத்தில் கஞ்சன், நீளத்தில் வள்ளல். தெருக்கதவுக்கும் கொல்லைச் சுவருக்கும் நடுவே 10 மீட்டர் தாராளமாகக் கிடைத்தது. அந்தத் தைரியத்தில்தான் ஐந்து வருடங்களுக்கு முன், குழலை மடக்கிச் சுருள்வில்லை ஏற்றும் உள்நாட்டு ஏர் ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குக் கீழான ஆற்றல், உரிமம் தேவைப்படவில்லை. குண்டைத் தடுக்க இரும்புத் தகடு, அதன் முன்னே பழைய செய்தித்தாள் அடைத்த மரப்பெட்டி, கதவுகளுக்குத் தாழ்ப்பாள். பிறகுதான் முதல் குண்டு.

முதல் மாதம் முழுக்கப் பின்குறியின் (குறிபார்க்கக் கண்ணருகே இருக்கும் பகுதி) திருகாணியோடு மல்லுக்கட்டினேன். குண்டு கீழே போனால் ஏற்றுவேன். அடுத்தது மேலே போனால் இறக்குவேன். கல்லூரி நாளில் என்.சி.சி.யில் சுட்டுப் பழகிய பக்கத்து வீட்டு மாமா நான் சுட்ட குறி அட்டையைப் பார்த்துவிட்டு, "திருகாணியை விட்டுவிடு தம்பி. ஐந்து குண்டும் முதலில் ஒரே இடத்தில் விழட்டும், எந்த இடமானாலும் சரி" என்றார்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.06 நொடி. அதற்குள் சுமார் 17 மி.மீ. இறங்கிவிடும். போட்டி அட்டையில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. இடைவெளி; ஆக, கிட்டத்தட்ட ஏழு வளையம்! நடுவில் இருக்கும், பத்து மதிப்பெண் தரும் புள்ளியோ வெறும் 0.5 மி.மீ. ஆனால் இந்த இறக்கம் எல்லாக் குண்டுக்கும் ஒன்றுதான். குறியை ஒருமுறை சரிசெய்தால் தீர்ந்தது. குண்டுகளைச் சிதறடித்தது என் கைதான்.

இறுக்கிப் பிடித்தால் நேராகப் போகும் என்று நம்பியிருந்தேன். சுருள்வில் துப்பாக்கி பின்னால் உதைத்து, வில் தள்ளும் பிஸ்டன் முட்டியதும் முன்னால் துள்ளும். பிடியின் இறுக்கம் மாறினால் துள்ளலும் மாறும். இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் துப்பாக்கியைச் சும்மா கிடக்கவிட்டேன். (கேரம் ஆடும் எங்கள் தெருப் பையன்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.) மூன்றாம் மாதம் ஐந்து துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்தின் கீழ் மறைந்தன.

பராமரிப்பில் கடற்காற்றுதான் வில்லன். துடைக்காமல் வைத்த குழலில் இரண்டே நாளில் துரு. என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. பயந்துபோய் எண்ணெயைத் தாராளமாக விட்டேன். அது காற்றை அழுத்தும் அறைக்குள் கசிந்து, சுடும்போது பற்றி, வெடிச்சத்தமும் புகையுமாகக் கிளம்பியது. குண்டுகள் இஷ்டத்துக்கு மேலே ஏறின. மாமா கதவைத் தட்டினார். இப்போது துணியில் இரண்டு சொட்டு, வெளிப்புறம் மட்டும்.

போன மாதம் முதல் குண்டுகள் இரண்டு வளையம் தாழ்ந்து விழுகின்றன. ஆனால் ஐந்தும் ஒரே நாணயத்துக்குள்ளேயே. கை மாறவில்லை, சுருள்வில்தான் களைத்து, குண்டின் வேகம் குறைந்துவிட்டது. புது வில் வரும்வரை திருகாணியைச் சற்று ஏற்றி வைத்திருக்கிறேன்.