இடது காலுக்கு வலது கால் பெல்ட் விற்றார்கள்: முட்டி ஆபரேஷன் முடிந்தவர்கள் கவனத்துக்கு

என் தங்கைக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. நடுவில் பதினொரு நாள் அவள் பட்ட வேதனைக்கு ஆபரேஷன் காரணமில்லை. நாங்கள் காசு கொடுத்து வாங்கி, நாங்களே அவள் காலில் தினமும் மாட்டிவிட்ட ஒரு பெல்ட்தான் காரணம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஆபரேஷனுக்கு வந்து போகிற எந்தக் குடும்பத்துக்கும் இது நடக்கலாம். அதனால்தான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

எங்களுக்குப் பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். தங்கை கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறவள். போன வருஷம் பாடிப் போனபோது சட்டென்று திரும்பியதில் முட்டிச் சில்லு வெளிப்பக்கமாக விலகிவிட்டது. அப்புறம் இன்னும் இரண்டு தடவை விலகியது, அதில் ஒன்று கொல்லையில் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தபோது. தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம் இருக்கிறது, காலை மடக்கி நீட்டும்போது சில்லு அந்தப் பள்ளத்தில்தான் ஓட வேண்டும் என்று மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். விலகினால் பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் விலகும். அப்போது அதை உள்பக்கமாகப் பிடித்திருக்கும் நார் அறுந்துபோகும். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் புதிதாகக் கட்டுவதுதான் ஆபரேஷன்.

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் வங்கிக்கு வந்ததும் செய்துவிட்டோம். முதல் மூன்று வாரம் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை நீளமான பிரேஸ், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கிற பெல்ட், காலை மடக்கவே கூடாது. அது மருத்துவமனையிலேயே கொடுத்தது, ஒரு குறையும் இல்லை. தையல் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கலாம் என்று சொன்ன அன்று மருத்துவர் வேறொரு பிரேஸை எழுதிக் கொடுத்தார். சில்லை இடத்தில் நிறுத்துகிற பட்டெல்லா பிரேஸ், இரண்டு பக்கமும் ஹிஞ்ச் (மடங்குகிற கீல்), இடது கால். சீட்டில் இவ்வளவும் தெளிவாக இருந்தது.

வெளியே வந்ததும் ஒருவர் தானாகவே பக்கத்தில் வந்து, "பெல்ட்தானே சார், நம்ம கடையில டாக்டர் சொன்ன அதே ஐட்டம் இருக்கு" என்று கூட்டிப் போனார். மழை பெய்துகொண்டிருந்தது. தங்கையை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் கடைக்குள் போனேன். நான் செய்த முதல் தப்பு அதுதான். கடைக்காரர் சீட்டை ஒரு பார்வை பார்த்தார். "பொண்ணு எப்படி, ஒல்லியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப மீடியம் சரியா இருக்கும்" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். இஞ்ச் டேப்பைத் தொடவே இல்லை. இது இடது காலுக்குத்தானே என்று நான் கேட்டேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "எல்லாம் ஒண்ணுதான் சார், ரெண்டு காலுக்கும் போடலாம்" என்றார்.

விலை 3,800 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுத் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை. தங்கை வெளியே உட்கார்ந்திருக்கிறாளே என்ற அவசரத்தில் ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அன்று ராத்திரியே முட்டி ஒரு பக்கமாகத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது என்றாள். புதுசு, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அம்மாவும் நானும் சொன்னோம். நாலு எட்டு நடந்தால் பெல்ட் கீழே நழுவியது. நழுவாமல் இருக்க அடிப்பட்டையை இன்னும் இறுக்கினோம். ஆறாவது நாள், "அண்ணே, பாதத்து மேல மதமதன்னு இருக்கு, கட்டை விரலைத் தூக்கினா சரியா தூக்க வரல" என்றாள். ஆபரேஷன் செய்த கால், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. உடனே மருத்துவருக்குப் போன் செய்திருக்க வேண்டும்.

பதினோராவது நாள் பிசியோதெரபிக்குப் போனோம். அங்கே பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மா காலைப் பார்த்ததும் முதலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். பிறகு அதைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டி விளக்கினார். சில்லு உட்காருவதற்கு நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். அதன் ஓரத்தில், லாட வடிவில் ஒரு திண்டு தைத்திருப்பார்கள். வெளிப்பக்கம் விலகுகிற சில்லுக்கு அந்தத் திண்டு வெளிப்பக்கத்தில் இருந்து உள்ளே தள்ள வேண்டும். எங்களுக்கு விற்றது வலது கால் பெல்ட். அதை இடது காலில் போட்டதும் திண்டு உள்பக்கம் வந்துவிட்டது. எந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஆபரேஷன் செய்தார்களோ, அதே பக்கத்துக்கு அது சில்லைத் தள்ளிக்கொண்டிருந்தது. துணியின் உள்மடிப்பில் சின்ன எழுத்தில் வலது என்பதற்கான ஆர் என்ற குறி இருந்தது. பெட்டியின் பக்கவாட்டிலும் அதே குறி.

அளவும் தப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு முட்டி வீங்கியிருக்கும், ஆனால் வேலை இல்லாததால் தொடைத் தசை சில வாரத்திலேயே சூம்பிப் போகும். அதனால் ஆளைப் பார்த்தோ, முட்டிச் சுற்றளவை மட்டும் வைத்தோ அளவு சொல்ல முடியாது என்றார். மேலே பிடிப்பு இல்லாமல் பெல்ட் இறங்குகிறது, நாம் கீழே இறுக்குகிறோம். முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தடவிப் பார்த்தால் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்குகிற நரம்பு அந்த முண்டுக்குக் கீழே எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகிறது, தோலுக்கு அடியிலேயே. பட்டை அதன்மேல் நாள் முழுக்க அழுத்தியதில்தான் மதமதப்பு வந்தது. இன்னும் சில வாரம் இப்படியே விட்டிருந்தால் பாதம் தொங்கிப் போயிருக்கலாம் என்று அவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

அன்றே மருத்துவரிடம் காட்டினோம். புதிதாகக் கட்டிய நார் அறுபடவில்லை, தப்பித்தோம். மதமதப்பு முழுதும் போக மூன்று வாரம் ஆனது. அந்த நாட்களில் தசைக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி எல்லாம் பின்னால் போய்விட்டது.

பெல்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "யூஸ் பண்ணின சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம், நீங்கதான் சரியா கேட்டு வாங்கல" என்றார். நான் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் நடக்கவே இல்லை என்பது போலப் பேசினார். வீட்டுக்கு வந்து பெட்டியை மறுபடி பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. விலை இருந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் ஓரத்தைத் தூக்கினால், அடியில் அச்சடித்த விலை 2,150 ரூபாய்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். பில் கொடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், அச்சடித்த விலைக்கு மேல் வாங்குவதும் தப்பு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பில் இல்லாத எனக்கு இப்போது கையில் இருக்கிற சாட்சி ஜிபே ரசீதும் அந்தப் பெட்டியும்தான்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மருத்துவரிடமே தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடையில் 'நீ-கேப்' (முட்டி உறை) என்று கேட்டால் பெரும்பாலும் குழாய் மாதிரி இழுத்து மாட்டுகிற எலாஸ்டிக் உறையைத்தான் கொடுப்பார்கள். அது லேசான அழுத்தமும் சூடும் தரும், சில்லை நிறுத்தாது. முட்டிக்குக் கீழே மட்டும் கட்டுகிற ஒற்றைப் பட்டை வேறு வலிக்கானது. ஓட்டையும் திண்டும் உள்ளதுதான் சில்லுக்கானது. சில கம்பெனிப் பெல்ட்டில் திண்டைப் பிரித்து எந்தப் பக்கமும் ஒட்டிக்கொள்ளலாம், அதுதான் உண்மையில் இரண்டு காலுக்கும் ஆகும். திண்டு தைத்திருந்தால் இடது வேறு, வலது வேறு. ஹிஞ்ச் வேண்டுமா, வேண்டாமா, பிரேஸே வேண்டுமா என்பது மருத்துவருக்கு மருத்துவர், ஆபரேஷனுக்கு ஆபரேஷன் மாறும். அதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது.

ஆளைக் கூட்டிப் போய் அளவு எடுக்கச் சொல்லுங்கள். சில்லின் நடுவில் ஒரு சுற்று, கம்பெனி அட்டவணை கேட்டால் தொடையில் இன்னொரு சுற்று. காலை நீட்டித் தளர்த்தி வைத்துக்கொண்டு மாட்ட வேண்டும், சில்லு ஓட்டையின் நடுவில் உட்கார வேண்டும், பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பத்து நிமிஷம் உட்கார்ந்து, நடந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நம் ஊர் புழுக்கத்துக்கு அந்த ரப்பர் துணி வேர்த்துப் புண்ணாக்கும். உள்ளே மெல்லிய பருத்திக் குழாய்த் துணி போட்டுக்கொள்ளட்டும், தையல் இடம் காய்ந்திருக்கட்டும். மதமதப்பு வந்தாலோ விரல் நிறம் மாறினாலோ கழற்றிவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது தங்கை போட்டிருப்பது வேறு கடையில், அந்தப் பிசியோ அம்மாவே நேரில் அளவு எடுத்துக் கொடுத்த ஸ்மால், இடது. விலை 1,900 ரூபாய், பில்லோடு. பெல்ட் துணைதான், சில்லைப் பிடிக்கப் போவது உன் தொடைத் தசைதான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து தசையை இறுக்கி இறுக்கி விடுகிறாள். நேற்று பேருந்து நிறுத்தம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். பழைய பெல்ட்டைப் பாதி கிழிந்த ஸ்டிக்கரோடு அதே பெட்டியில் போட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அது என்னோடு ஆணையத்துக்கு வருகிறது.