மங்கிய ஃபைபர் படகு: பாலிஷா, பெயிண்டா?

விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? வெயில் ஜெல்கோட்டின் (ஃபைபருக்கு மேலே உள்ள வழவழப்பான நிறப் பூச்சு) மேல்தோலை மட்டும் தின்றிருக்கிறது. ஓரடி சதுரத்தில் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டுப் பாருங்கள். நிறம் திரும்பினால் பாலிஷ் போதும். ஃபைபர் இழை தெரிந்தால் பெயிண்ட்தான் வழி.

பாலிஷுக்கு 800, 1000, 1500 என வாட்டர் பேப்பரை ஏற்றிக்கொண்டே போய், தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு கம்பளி பேடில் காம்பவுண்ட், கடைசியில் மெழுகு. புதுப் படகிலேயே ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். விளிம்புகளில் அதைவிட மெல்லிசு, மெஷினை அங்கே நிறுத்தினால் இழை வெளியே வந்துவிடும். நம் வெயிலுக்கு மெழுகு சில மாதம்தான் தாங்கும். மெழுகை விட்டால் மறுபடி பொடி.

இரண்டு பாக பாலியூரித்தேன் பெயிண்ட் செலவு அதிகம், ஆனால் பல வருடம் நிற்கும். பழைய மெழுகைக் கரைப்பானால் துடைத்த பிறகே 320 பேப்பர் போடுங்கள். முறை மாறினால் மெழுகு கீறலுக்குள் இறங்கி, பெயிண்ட் குழி குழியாக விலகும். எபாக்ஸி பிரைமர், மேலே இரண்டு கோட். பெயிண்டின் இரண்டாம் பாகமான ஹார்ட்னரில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு, துணி முகமூடி உதவாது. எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் அடிப்பகுதிக்கு இந்தப் பெயிண்ட் வேண்டாம், கொப்புளிக்கும்.

பொடி மட்டும் என்றால் முதலில் பாலிஷ்தான்.