இறாத்தல் பாணும் சமையலறைத் தராசும்: வெள்ளவத்தையில் ஐந்து பாண்கள், ஒரு மாதம்

வைத்தியர் எனக்கு எழுதித் தந்த அளவு நாளொன்றுக்கு 1500 கிலோகலோரி. "பாணைக் குறையுங்கோ" என்று அவர் சொன்னதோடு ஆலோசனை முடிந்துவிட்டது. எந்தப் பாணை, எவ்வளவு, எதனுடன் என்று கேட்க எனக்கும் அப்போது தோன்றவில்லை. கிழமையில் நான்கு இரவுகள் பாணும் சம்பலும், இடையிடையே காலையில் பாணும் பருப்பும் என்று பழகிப்போன வீட்டில் அதை அடியோடு நிறுத்துவது நடக்கிற காரியமல்ல. ஆகவே எங்கள் தொடர்மாடியிலிருந்து நடந்துபோய் வாங்கக்கூடிய ஐந்து வகைப் பாண்களை ஒரு மாதமாக மாறி மாறி வாங்கி, சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரே நேரத்தில் சாப்பிட்டு, மறுபடி எப்போது பசித்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். கடைகளின் பெயர்களை எழுதவில்லை. இதே ஐந்து வகைகளும் காலி வீதி நெடுக எந்தச் சந்தியிலும் கிடைப்பவை என்பதால், கடையை விட வகையைப் பற்றிப் பேசுவதே வாசிப்பவருக்கு உதவும்.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த சாதாரண வெள்ளைப் பாண். இறாத்தல் என்ற நிறை மற்ற எல்லாச் சாமான்களிலிருந்தும் போய்விட்ட பிறகும் பாணோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது; இன்றும் "ஒரு இறாத்தல் தாங்கோ", "அரை இறாத்தல் போதும்" என்றுதான் கேட்கிறோம். பழைய இறாத்தல் 453.6 கிராம். 2024 பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு முழுப் பாணின் நிறையை 450 கிராம் என்றும் பாதிப் பாணின் நிறையை 225 கிராம் என்றும் நிர்ணயித்தது. எங்கள் சந்தியிலுள்ள வெதுப்பகத்தில் நான் வாங்கிய நான்கு பாண்களில் மூன்று அந்த அளவை ஒட்டியிருந்தன, ஒன்று 412 கிராம்தான் இருந்தது. கலோரி பார்க்கிறவளுக்கு அது நட்டமில்லை, இலாபம் என்று மகன் சிரித்தான். கொடுத்த காசுக்கு எனக்கு அது நட்டம்தான்.

வெள்ளைப் பாணில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 265 கிலோகலோரி உண்டு. அப்படியானால் ஒரு முழு இறாத்தல் கிட்டத்தட்ட 1190. எனக்கு அனுமதிக்கப்பட்ட நாளில் ஐந்தில் நான்கு பங்கு அந்த ஒரு பொதிக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் யாரும் ஒரு இறாத்தலை ஒரே அமர்வில் சாப்பிடுவதில்லை என்பதால் அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. நான் மிரண்டது துண்டின் தடிப்பைப் பார்த்து. வீட்டுக் கத்தியால் நான் வெட்டிய துண்டுகள் 45 கிராமிலிருந்து 58 கிராம் வரை நின்றன. இத்தனை வருடங்களாக "மூன்று துண்டு" என்று நான் மனத்தில் போட்டு வந்த கணக்கு ஒரு நாள் 360 கிலோகலோரியாகவும் இன்னொரு நாள் 460 ஆகவும் இருந்திருக்கிறது. அந்த வித்தியாசம் ஒரு வகைப் பாணை விட்டு இன்னொரு வகைக்கு மாறுவதால் கிடைக்கக்கூடிய எந்த வித்தியாசத்தையும் விடப் பெரியது. கொப்பியில் பசி எழுதிய நேரமும் இந்தப் பாணுக்கே மிகக் குறைவு. காலை ஏழு மணிக்கு மூன்று துண்டு சாப்பிட்டால், ஒன்பதரைக்கே அலுவலக மேசையின் லாச்சியில் பிஸ்கட் தேடினேன்.

ரோஸ் பாணைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. தட்டையாகவும் மேலோடு மொறுமொறுப்பாகவும் இருப்பதால் அது இலேசானது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மையில் மேலோடு கூடக்கூட ஈரம் குறைகிறது. ஈரம் குறைந்தால் அதே 100 கிராமுக்குள் மா கூடுகிறது, கலோரியும் கூடுகிறது. வாட்டிய பாணிலும் இதே ஏமாற்று நடக்கும். 45 கிராம் துண்டு ஒன்றை வாட்டிவிட்டு நிறுத்தபோது 39 கிராம் காட்டியது. போனது தண்ணீர் மட்டும்தான், கலோரி அப்படியே இருக்கிறது. ஆகவே நிறுப்பவர்கள் வாட்டுவதற்கு முன் நிறுக்க வேண்டும். சூடான ரோஸ் பாணின் கரையை உடைத்துச் சம்பலில் தோய்க்கும் சுகத்தை நான் மறுக்கவில்லை, அது ஞாயிற்றுக்கிழமைக்குரியது.

மூன்றாவது, சுப்பர் மார்க்கட்டில் பொலித்தீன் பையில் துண்டு போட்டு விற்கும் மண்ணிறப் பாண். இந்த மாதத்தில் எனக்கு அதிக எரிச்சலைத் தந்தது இதுதான். பையின் முன்பக்கத்தில் கோதுமைக் கதிர், உடற்பயிற்சி செய்யும் ஒரு பெண், பச்சை நிற எழுத்துகள். பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தால் முதலில் "கோதுமை மா", அடுத்துத் தண்ணீர், பிறகு சீனி, அதன் பிறகே "கோதுமைத் தவிடு", கடைசிப் பக்கமாகக் கரமல் நிறம். பொதி உணவுகளில் உட்பொருட்களை நிறை கூடியதிலிருந்து குறைந்ததை நோக்கி எழுதுவது முறை என்பதை அறிந்தவருக்கு, சீனிக்குப் பின்னால் தவிடு நிற்பதன் பொருள் உடனே விளங்கும். நிறம் தவிட்டிலிருந்து வந்ததை விடக் கருகிய சீனியிலிருந்தே அதிகம் வந்திருக்கிறது. அந்தப் பையில் நார்ப்பொருள் 100 கிராமுக்கு 3 கிராம் என்று போட்டிருந்தது. வெள்ளைப் பாணில் இருப்பதே ஏறத்தாழ 2.5 கிராம்.

இதில் மொழியும் ஒரு சதி செய்கிறது. "கோதுமை மா" என்று வாசிக்கும்போது முழுக் கோதுமையை அரைத்த மா என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இங்கே கடையிலும் வெதுப்பகத்திலும் அந்தச் சொல்லுக்குத் தவிடும் முளையும் நீக்கிய வெள்ளை மா என்றே அர்த்தம். கோதுமை மணியில் தவிடு நூற்றுக்கு 14 பங்கு அளவிலும் முளை 3 பங்கு அளவிலும் இருக்கின்றன. மீதி 83 பங்கான வெண்ணிற உள்மணிதான் நாம் கோதுமை மா என்று வாங்குவது. நார்ப்பொருளில் பெரும்பகுதி அந்தத் தவிட்டோடு போய்விடுகிறது. ஆகவே லேபலில் தேட வேண்டிய சொல் "முழுக் கோதுமை மா" அல்லது "ஆட்டா மா". அதுவும் வரிசையில் முதலாவதாக இருக்க வேண்டும். இவ்வளவு குறை சொன்ன பிறகு நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பையிலிருந்த துண்டுகள் எல்லாம் இயந்திரத்தில் ஒரே தடிப்பில் வெட்டப்பட்டவை, ஒவ்வொன்றும் 28 அல்லது 29 கிராம். இரண்டு துண்டு சாப்பிட்டால் 150 கிலோகலோரிக்குள் நிற்கும் என்பது உறுதி. நான் மெலிந்தால் அதற்குக் காரணம் அந்த மண்ணிறம் அல்ல, அந்த இயந்திரக் கத்தி.

குரக்கன் பாணின் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. வீட்டில் சீனி வருத்தக்காரருக்கென்று குரக்கன் பிட்டும் ரொட்டியும் செய்து பழகியவர்கள் நாங்கள். குரக்கனின் சுண்ணாம்புச் சத்தையும் நார்ப்பொருளையும் பற்றி எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கருஞ்செம்மண் நிறத்தில், லேசான புழுதி மணத்தோடு இருந்த அந்தப் பாண் சாப்பிடவும் நன்றாகவே இருந்தது. இரண்டாவது முறை வாங்கப் போனபோது இதில் எவ்வளவு குரக்கன் போடுகிறீர்கள் என்று கேட்டேன். போறணைப் பக்கத்திலிருந்து வந்தவர் ஒளிக்காமல் சொன்னார்: "முழுக்கக் குரக்கன் போட்டால் பொங்காது, அக்கா. அஞ்சில ஒரு பங்குதான். மிச்சம் கோதுமை மா." அவர் சொன்னதில் தவறில்லை. மாவைப் பிசையும்போது இழுபட்டு, நொதியம் விடும் காற்றைப் பிடித்து வைக்கிற பசைப்புரதம் கோதுமையில் உண்டு, குரக்கனில் இல்லை. எனவே பாண் வடிவத்தில் நிற்க வேண்டுமென்றால் கோதுமைதான் தாங்க வேண்டும். குரக்கன் வேண்டுமானால் அதைப் பிட்டாகவோ ரொட்டியாகவோ சாப்பிடுவதே நேர்மையான வழி. பசி இந்தப் பாணுக்கு மூன்று மணி நேரத்தில் வந்தது. வெள்ளைப் பாணை விட அரை மணி நேரம் பிந்தியது என்பதற்காக ஒன்றரை மடங்கு விலை கொடுக்க எனக்கு மனமில்லை.

ஐந்தாவதாக வாங்கியதுதான் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. மரைன் டிரைவுக்கு இறங்கும் குறுக்கு வீதியொன்றில் ஒரு சிறிய வெதுப்பகம் ஆட்டா மாப் பாண் சுடுகிறது. கையில் எடுத்தவுடனேயே வித்தியாசம் தெரியும். அதே 450 கிராம், ஆனால் வெள்ளைப் பாணின் மூன்றில் இரண்டு பங்கு உயரந்தான். வெட்டினால் உள்ளே தவிட்டுப் புள்ளிகள் தெரிகின்றன, நிறமும் ஒரே சீராக இல்லாமல் தேநீரில் பால் சரியாகக் கலக்காததுபோல் இருக்கிறது. முதல் நாள் அதை மேசையில் வைத்தபோது அம்மா விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, செங்கல்லைக் கொண்டந்து வைச்சிருக்கிறாய்?" என்றார். சொதியில் ஊறினால் மட்டும் அவருக்கும் இறங்குகிறது.

கலோரியில் இது அதிசயம் எதுவும் செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முழுக் கோதுமைப் பாணில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 250 கிலோகலோரி. வெள்ளைப் பாணோடு ஒப்பிட்டால் 15 தான் குறைவு. நார்ப்பொருள்தான் 7 கிராம் அளவுக்கு ஏறுகிறது. வளர்ந்தவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருள் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தப் பாணின் இரண்டு தடித்த துண்டுகள் அதில் கால் பங்கைத் தந்துவிடுகின்றன, வெள்ளைப் பாண் பத்தில் ஒரு பங்கைத்தான் தரும். மென்று விழுங்கவே நேரம் எடுப்பதால், மூன்றாவது துண்டுக்குக் கை போவதற்கு முன்னரே எனக்குப் போதுமென்றாகிவிடுகிறது. ஏழு மணிக்குச் சாப்பிட்ட இரண்டு துண்டும் பருப்பும் பதினொன்றரை வரை தாங்கின. மூன்று துண்டு இரண்டாகக் குறைந்ததில்தான் எனக்கு 100 கிலோகலோரிக்கு மேல் மிச்சப்பட்டது.

சீனி வருத்தமுள்ளவர்கள் இதை வாங்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. ஓர் உணவு இரத்தத்தில் சீனியை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் காட்டும் எண்தான் கிளைசமிக் சுட்டி. 2008 இல் வெளியான சர்வதேச கிளைசமிக் சுட்டி அட்டவணையில் வெள்ளைப் பாணின் சராசரி 75, முழுக் கோதுமைப் பாணின் சராசரி 74. தவிட்டையும் சேர்த்து நுண்மையாக அரைத்துவிட்டால் மாப்பொருள் சமிபடும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. முழுத் தானியமோ உடைத்த தானியமோ கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கும் பாண்கள்தான் அந்த அட்டவணையில் கீழே இறங்குகின்றன. விதை தூவிய பாண்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எள்ளிலும் சூரியகாந்தி விதையிலும் 100 கிராமுக்கு 570 கிலோகலோரிக்கு மேல் இருப்பதால், அவை நல்லவையானாலும் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். கொழும்பு 7 இல் கிடைக்கும் புளித்த மாப் பாணையும் ஒருமுறை வாங்கினேன். சுவையில் அது எல்லாவற்றையும் வென்றது, ஆனால் ஒரு துண்டே 70 கிராம், விலையோ சாதாரண இறாத்தலைப் போல ஆறேழு மடங்கு. தினமும் வாங்கும் பாணைப் பற்றிய கட்டுரையில் அதற்கு இடமில்லை.

பாணை விட்டுத் தட்டின் மற்றப் பக்கத்தைப் பார்த்தால்தான் நம்முடைய கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிகிறது. தேங்காய்ப்பூவில் 100 கிராமுக்கு 350 கிலோகலோரி அளவில் உண்டு. என் தட்டில் வழக்கமாக விழும் சம்பலை நிறுத்தபோது 45 கிராம் இருந்தது. வெங்காயம், மிளகாய், மாசியைக் கழித்தாலும் தேங்காயில் மட்டும் 120 கிலோகலோரி. மாஜரின் ஒரு தேக்கரண்டி பூசினால் இன்னும் 36. சம்பலும் மாஜரினும் சேர்ந்தால் அது இன்னொரு தடித்த துண்டு பாண் சாப்பிட்டதற்குச் சமம், அதை மிஞ்சவும் செய்யும். நான் சம்பலை விடவில்லை, மாஜரினை விட்டேன். உப்பும் கவனிக்க வேண்டியது: 100 கிராம் பாணிலேயே ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு இருக்கிறது, நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் அனுமதிப்பது 5 கிராமுக்கும் குறைவு, சம்பலில் மாசியின் உப்பு வேறு. பாலைக் குறைத்து வைத்த பருப்பும் எலுமிச்சை பிழிந்த சொதியும்தான் இந்தப் பாணுக்கு ஏற்ற சோடி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

ஆட்டா மாப் பாணிலுள்ள குறை, அது நிலைக்காததுதான். பழுதாகாமலிருக்க எதுவும் சேர்க்காததால் கடற்காற்றுப் படும் எங்கள் சமையலறையில் மூன்றாம் நாளே பச்சைப் பூஞ்சணம் பிடித்தது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் பூஞ்சணம் பிந்தும், ஆனால் வெளியே வைத்ததை விட வேகமாகக் காய்ந்து விறைத்துவிடும். மாப்பொருள் இறுகுவது அந்தக் குளிரில்தான் அதிகம். வாங்கிய அன்றே ஆறவிட்டு, 40 கிராம் துண்டுகளாக வெட்டி, இரண்டிரண்டாகப் பையிலிட்டு மேல்தட்டில் உறைய வைத்துவிட்டால் பத்து நாள் பயமில்லை, தடிப்பைக் கூட்டுகிற சபலமும் இல்லை. எடுத்து நேராகத் தோசைக்கல்லில் வாட்டலாம்.

அம்மாவுக்கு இன்னும் அரை இறாத்தல் வெள்ளைப் பாண்தான் வாங்குகிறோம். எனக்குரியதைக் கிழமையில் செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே சுடுகிறார்கள். மாலை ஐந்து மணி தாண்டிப் போனால் கண்ணாடிப் பெட்டியில் சீனிப் பணிஸ் மட்டுமே மிஞ்சியிருக்கும்.