பானை ஓட்டின் ஊர் எது: சீவலா, நியூட்ரானா?

மெசோஅமெரிக்காவின் (மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் சேர்ந்த பழம்பண்பாட்டுப் பகுதி) பானை ஓடு ஒன்று எங்கே வனையப்பட்டது என்று அறிய இரண்டு வழிகள் முன்னிற்கின்றன. ஓட்டை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கும் பாறையியல் ஆய்வு ஒன்று. அணு உலையில் வைத்துத் தனிமங்களை அளக்கும் நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வு இன்னொன்று. ஓட்டில் பருமணல் தெரிந்தால் முதலில் சீவல்தான் என்பது என் கட்சி.

காரணம் சேர்மானம். குயவர்கள் களிமண்ணோடு மணல், எரிமலைச் சாம்பல், இடித்த கால்சைட் (சுண்ணாம்புக் கல்லின் கனிமம்) என்று எதையாவது கலந்தார்கள். உலைக்குப் போகும் 200 மில்லிகிராம் பொடியில் களிமண்ணும் சேர்மானமும் ஒன்றாகிவிடும். மாயா தாழ்நிலப் பானைகளில் இது பெருந்தொல்லை. ஓட்டில் கால்சியம் 20 சதவீதம், அத்தனையும் கால்சைட்டிலிருந்து வந்தது என்றால், எடையில் பாதி கால்சைட்; கால்சைட்டின் எடை அதிலுள்ள கால்சியத்தின் 2.5 மடங்கு. களிமண்ணின் மற்றத் தனிமங்கள் பாதியாக அளவிடப்படும்; ஒரே மண்ணில் வனைந்த இரு பானைகள் வேற்றூர்ப் பானைகளாகப் பிரிந்து நிற்கும். கால்சியத்தை 2.5ஆல் பெருக்கிக் கழித்து, மீதியை நூறுக்கு ஏற்றிச் சரிசெய்யலாம். ஸ்ட்ரான்சியம் கால்சைட்டோடு வருவதால் அதை ஒதுக்க வேண்டும். ஆனால் அந்தக் கால்சைட் குயவர் இட்டதா, மண்ணிலேயே கிடந்ததா? கணக்கு அதைச் சொல்லாது. சீவலில் கூர்முனைப் படிகத் துண்டுகள் நிறையத் தெரிந்தால், இடித்துச் சேர்த்ததாகவே கொள்ளலாம்.

சீவலை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்க்க வேண்டும். குறுக்கு முனைவாக்க ஒளியில் (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு ஒளி வடிகட்டிகளுக்கு இடையே) குவார்ட்ஸ் வெளிர்சாம்பலாகத் தெரிந்தால் சரி. மஞ்சள் அடித்தால் இன்னும் தேய்க்கணும். ஓட்டை இறுக்கிப் பிடிக்கும் எபாக்சிப் பிசின் நன்றாக ஊறாத ஓட்டில் மணல் பிடுங்கிக்கொண்டு வந்து வெறும் குழி மிஞ்சும். அதை எரிந்துபோன சேர்மானத்தின் தடம் என்று எண்ணிவிடக் கூடாது.

2005இல் மெக்சிகோ வளைகுடாக் கரையோரத்தில் இருந்த பழம்பெரும் ஓல்மெக் பண்பாட்டு ஊரான சான் லொரென்சோ பற்றி எழுந்த சர்ச்சை இந்த இரு முறைகளின் மோதல்தான். 725 மாதிரிகளின் நியூட்ரான் முடிவுகள், ஓல்மெக் பானைகள் அங்கிருந்து வெளியூர் போயின, வெளியூர்ப் பானை உள்ளே வரவில்லை என்றன. 20 சீவல்களைப் பார்த்த மற்றொரு குழு, தென்மெக்சிகோவின் வஹாகாவிலிருந்து சான் லொரென்சோவுக்கும் பானைகள் வந்தன என்று மறுத்தது. பாறைத் துண்டைக் கண்ணால் கண்ட சாட்சியத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு பெரு வட்டாரத்தின் பண்டமாற்றை முடிவுகட்ட 20 போதாது.

நுண்மண் பாண்டங்களில் கதையே வேறு. சேர்மானமில்லாத ஃபைன் ஆரஞ்சு என்ற நுண்மண் பாண்ட வகையின் ஓட்டில் சீவலுக்குச் சொல்ல அதிகமில்லை. பிளம்பேட் என்ற பளபளப்பான பாண்ட வகையின் பிறப்பிடம் மெக்சிகோ–குவாத்தமாலா எல்லையை ஒட்டிய சொகொனுஸ்கோ கடலோரம் என்று இறுகியதும் வேதியியலால்தான். அங்கே நியூட்ரானுக்கே போங்கள். மேற்பரப்பைச் சுரண்ட டங்ஸ்டன் கார்பைடு முனை வேண்டாம். கோபால்ட்டும் டான்டலமும் கலந்துவிடும். சிலிக்கன் கார்பைடு முனை போதும்.