1931இல் இலங்கை சமஷ்டியாகியிருந்தால்: மட்டக்களப்புக்கு எந்த வரைபடம் தோது?

இலங்கை சமஷ்டியாகியிருந்தால் என்று கற்பனை வரலாறு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் 1949 டிசம்பரில், தமிழரசுக் கட்சி பிறந்த இடத்தில்தான் கதையைத் தொடங்குவார்கள். அது பிந்திய இடம். 1926இலேயே, ஒக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்திருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க யாழ்ப்பாணத்துக்குப் போய், இந்த நாட்டுக்குச் சமஷ்டிதான் சரிவரும் என்று பேசிவிட்டு வந்தார். அடுத்த வருடம் கண்டித் தேசிய சபை, அரசியலமைப்பை மாற்றுவது பற்றி விசாரிக்கப் பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவிடம் போய், கண்டி நாடு, கரையோரச் சிங்களம், வடக்கு கிழக்கு என்று தீவை மூன்று அலகாக்கித் தாருங்கள் என்று கேட்டது. அந்த நேரம் தமிழ்த் தலைவர்களுக்குக் கணக்கு வேறு. ஆணைக்குழு மறுத்துவிட்டது, 1931இல் சர்வசன வாக்குரிமையோடு ஒற்றை அரசாங்க சபைதான் வந்தது.

சரி, மறுக்காமல் ஏற்றுக்கொண்டிருந்தால் என்று வைத்துக்கொள்வோம். தீவு 1931இல் சமஷ்டி. எந்த வரைபடத்தோடு?

யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் எந்த வரைபடமும் பெரிதாக வித்தியாசப்படாது, காலியில் இருந்து பார்த்தாலும் அப்படித்தான். கிழக்கில்தான் கோட்டை ஓர் அங்குலம் நகர்த்தினாலும் ஆட்சி யாருடையது என்பது மாறிவிடும். 2012 குடிசன மதிப்பீட்டில் கிழக்கு மாகாணத்தில் தமிழர் நூற்றுக்கு 39 அளவில், முஸ்லிம்கள் 37 அளவில், சிங்களவர் 23 அளவில். ஒருவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஆகவே கொடி, தலைநகர், தேசிய கீதம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு மூன்று கேள்வியைத்தான் ஒவ்வொரு வரைபடத்திடமும் கேட்கப்போகிறேன்: தண்ணீரை யார் திறப்பது, அரச காணியை யார் பங்கிடுவது, மந்திரி நாற்காலியில் யார் இருப்பது.

முதலில் கண்டிக்காரர் கேட்ட மூன்று அலகு. படத்தில் பார்க்க அழகானது இதுதான். ஆனால் மூன்று பேர் இருக்கும் சபையில் எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை ஓரங்கட்டலாம், அந்த ஒருவர் யாராக இருப்பார் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் சமஷ்டியில் பத்து அலகு இருந்தும், ஜமைக்கா 1961இல் வாக்கெடுத்துக் கழன்றதோடு அடுத்த வருடமே கூடாரம் கலைந்துவிட்டது. மூன்றில் ஒன்று கழன்றால் மிச்சம் இருப்பதற்குச் சமஷ்டி என்று பெயரா?

கண்டி அலகு கிழக்குக் கடற்கரையைச் சும்மா விட்டிருக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம். 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் கப்பலை விட்டு இறங்கித்தான் கண்டி ராசாவைப் பார்க்கப் போனான், 1638இல் இரண்டாம் ராஜசிங்கனுக்காக என்று சொல்லித்தான் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள். கடல் இல்லாத ஒரு அலகு துறைமுகம் கேட்டு வரும்போது இந்தப் பழங்கதை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும்.

இன்னொன்று, கண்டித் தலைவர்களின் சமஷ்டி ஆசைக்குள் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பற்றிய பயம் ஒளிந்திருந்தது. அந்த மலையக மக்களைக் கண்டி அலகின் கையில் கொடுத்தால், அவர்களை நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டம் பதினைந்து வருடம் முந்தி வந்திருக்கும். கொழும்பில் இருந்தும் அதுதானே வந்தது என்றால் உண்மைதான். ஒற்றையாட்சி அவர்களைக் காப்பாற்றவில்லை.

இனி எங்கள் உள்வீட்டுச் சங்கதி. மூன்று அலகில் வடக்கும் கிழக்கும் ஒன்று. இதை நாங்கள் கொஞ்சக் காலம் நிஜமாகவே அனுபவித்துப் பார்த்தோம்: 1988 வடகிழக்கு மாகாண சபை, திருகோணமலையில். 71 ஆசனம், அதில் வடக்கின் 36க்கும் போட்டியே நடக்கவில்லை. எதிரணியாகப் பதினேழு பேரோடு முஸ்லிம் காங்கிரஸ். துப்பாக்கிகளுக்கு நடுவே நடந்த தேர்தலை வைத்து ஒரு முறையை மதிப்பிடுவது நியாயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கணக்கின் உருவத்தைப் பாருங்கள்: தமிழர் தொகை வடக்கோடு சேரும்போது, அக்கரைப்பற்றிலோ ஏறாவூரிலோ இருக்கும் முஸ்லிம் வாக்காளருக்கு, தன் வாக்கு ஆட்சியை மாற்றும் என்று நம்புவதற்கு வழியே இல்லை.

இரண்டாவது, வடக்கு கிழக்குக்கு மட்டும் ஒரு சட்டசபை, மற்றதெல்லாம் கொழும்பு நேராக ஆள்வது. இதற்குக் கரீபியனில் உயிரோடு இருக்கும் உதாரணம் சென்ட் கிட்ஸ் நெவிஸ். நெவிஸ் தீவுக்குத் தனிச் சபை உண்டு, சென்ட் கிட்ஸுக்கு இல்லை, அங்கே மத்திய அரசுதான் எல்லாம். 1998இல் நெவிஸ்காரர் பிரிவதற்கு வாக்கெடுத்தார்கள், ஏறக்குறைய 62 சதவீதம் ஆம், மூன்றில் இரண்டு வேண்டுமென்ற விதியால் தப்பியது. மற்றவனுக்கு இல்லாத ஒன்றை ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால் கொடுத்தவனுக்கு அது சலுகையாகத் தெரியும், வாங்கினவனுக்கு அரைகுறையாகத் தெரியும். இதில் நேரம் செலவழிக்க விரும்பவில்லை.

மூன்றாவது எங்கள் பக்கத்துச் சரக்கு: பாண்டிச்சேரி மாதிரி. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று தொடர்பில்லாத நாலு துண்டு ஒரே நிர்வாகமாக இருப்பதைக் காட்டி, முஸ்லிம் பெரும்பான்மைப் பிரதேசங்களை அப்படி ஓர் அலகாக்கலாம் என்று முஸ்லிம் காங்கிரஸ் கேட்டது. அக்கட்சியை உருவாக்கிய அஷ்ரப் காலத்தில் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளைச் சேர்த்துத் தென்கிழக்கு அலகு என்ற பேச்சும் வந்தது. கேட்டதற்கு நியாயம் இருக்கிறது. தமிழர் வடகிழக்கை ஒன்றாகக் கேட்கும்போது அதற்குள் நாங்கள் யார் என்று அவர்கள் கேட்பது எப்படிப் பிழையாகும்?

ஆனால் மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் இருந்து பாருங்கள். பெரியநீலாவணை தமிழ் ஊர், தாண்டினால் மருதமுனை முஸ்லிம் ஊர், பிறகு பாண்டிருப்பு, தமிழ், கல்முனையில் இரண்டும், சாய்ந்தமருது முஸ்லிம், காரைதீவு தமிழ், நிந்தவூர் முஸ்லிம். கொண்டக்டர் இறங்குமிடத்தைக் கூப்பிட்டு முடிக்க முதல் அடுத்த மாநிலம் வந்துவிடும். கல்முனை வடக்கில் ஒரு பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவதற்கே 2019இல் உண்ணாவிரதம், எதிர்ச் சத்தியாக்கிரகம் என்று போனது. ஒரு செயலக எல்லைக்கே இவ்வளவு என்றால் மாநில எல்லைக்கு? மேலும் இலங்கை முஸ்லிம்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் வடகிழக்குக்கு வெளியே வாழ்கிறார்கள், தென்கிழக்கு அலகால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

நாலாவதுக்குத்தான் என் வாக்கு. இருந்த ஒன்பது மாகாணமும் ஒன்பது மாநிலம், கோடு ஒன்றும் புதிதாகக் கீறத் தேவையில்லை. 1931இல் கிழக்கு என்றால் திருகோணமலை, மட்டக்களப்பு இரண்டு மாவட்டம்தான், வெருகலில் இருந்து குமுக்கன் ஆறு வரைக்கும் மட்டக்களப்பு. அம்பாறை 1961இல்தான் பிரிந்தது.

தண்ணீரை எடுப்போம். கல்லோயா ஊவா மலையில் பிறந்து, இங்கினியாகலையில் அணைக்குள் நின்று, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து வயல் வட்டைகளுக்கு வருகிறது. நம் உலகத்தில் 1949இல் கொழும்பு அதற்கு ஒரு அபிவிருத்திச் சபை வைத்தது, குடியேற்றமும் அதோடு வந்தது, 1956இல் கலவரமும் அங்கேதான் வெடித்தது. மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் திருத்தம் வந்த பிறகும் மாகாணம் தாண்டி ஓடும் ஆறு மத்தியின் கையில்தான். ஒன்பது மாநிலச் சமஷ்டியில் ஊவாவும் கிழக்கும் சம வாக்கோடு ஒரு ஆற்றுச் சபையில் இருக்கவேண்டும், தலைவர் மூன்றாவது மாநிலத்துக்காரர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வைத்திருக்கும் போடியார் ஒருவரிடம் இதை விளக்கினால், அதெல்லாம் இருக்கட்டும், தண்ணி எந்தத் திகதி வரும் என்றுதான் கேட்பார். சரியான கேள்வி அது.

காணிதான் பெரிய இடி. போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு சேர்த்து, வயலில் இருந்து மாடுகளை அப்புறப்படுத்தும் திகதியையும் தீர்மானிப்பார்கள். அப்புறப்படுத்தின மாடு எங்கே போகும்? மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்கு. அது மத்திய அரசின் மகாவலி அதிகார சபையின் எல்லைக்குள் இருக்கிறது. வெளியார் வந்து பயிர் செய்கிறார்கள் என்று பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதிக்கு வந்தார்கள். திகதி குறிப்பது இங்கே, புல் இருக்கும் தரையை ஆள்வது கொழும்பு. அரச காணி மத்தியினுடையதுதான் என்று உயர் நீதிமன்றமும் 2013இல் சொல்லிவிட்டது. மாகாண சபை இருந்தும் இல்லாதது போலத்தான். ஒன்பது மாநிலத்தில் காணி மாநிலத்துக்கு என்று எழுதாவிட்டால் மற்றதை எழுதி மினக்கெடவே வேண்டாம்.

மந்திரி நாற்காலிக்கு டொனமூரிடமே ஒரு யோசனை இருந்தது. உறுப்பினர் எல்லோரும் ஏழு குழுவாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்ய, அவர்தான் மந்திரி. எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லை. கேட்க நன்றாக இருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள், 1936இல் பெரும்பான்மையினர் குழுக்களில் ஆட்களை அளந்து போட்டு, மந்திரிகள் அத்தனை பேரும் சிங்களவராக ஒரு சபையை அமைத்துக் காட்டினார்கள். ஆகவே குழு வேண்டும், ஆனால் நாற்காலி ஆசனத்துக்கு ஏற்ற விகிதத்தில் சட்டப்படி பங்காகவேண்டும். 2012 கிழக்குத் தேர்தலைப் போட்டுப் பாருங்கள்: 37 ஆசனத்தில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1. முதலமைச்சர் உட்பட மந்திரி ஐந்து பேர். வட அயர்லாந்தில் பாவிக்கும் டொன்ட் முறைப்படி ஆசனங்களை ஒன்று, இரண்டு என்று வகுத்துக்கொண்டு போனால் 2, 2, 1 என்று விழும். 37இல் 32 பேரின் கட்சிகள் ஆட்சிக்குள். நிஜத்தில் நடந்தது என்ன? முஸ்லிம் காங்கிரஸ் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்து, 2012இல் ஒரு கூட்டு, 2015இல் வேறு கூட்டு, வேறு முதலமைச்சர். 2017 செப்டெம்பரில் காலம் முடிந்த பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர் ஆட்சி.

நாற்காலியைப் பங்குவைப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. கோயிலில் குடிவாரியாக, அதாவது தாய்வழிக் குலம் குலமாக, வண்ணக்கர், பள்ளிவாசலில் குடிவாரியாக மரைக்கார் என்று நிர்வாகிகளை வைத்து நிர்வாகம் நடத்திப் பழகின சனம்தானே.

மத்திய ஆட்சிக்கு, பசிபிக் தீவு நாடான மைக்ரோனேசியாவிடம் யோசனை கடன் வாங்கலாம். அங்கே நாலு மாநிலம், காங்கிரஸில் 14 பேர், அதில் மாநிலத்துக்கு ஒருவர் வீதம் நாலு பேருக்கு நாலு வருடப் பதவி, அந்த நாலு பேரில் ஒருவரைத்தான் காங்கிரஸ் ஜனாதிபதியாக்கும். சனத்தொகையில் பாதி அளவுள்ள சூக் மாநிலத்துக்கும் அந்த வரிசையில் ஒரே ஒரு ஆள். கொமொரோஸ் 2001இல் தீவுக்குத் தீவு ஜனாதிபதி பதவியைச் சுழற்றியது, 2018 வாக்கெடுப்போடு அந்தச் சுழற்சி குழம்பியது. சுழற்சியை விட மைக்ரோனேசிய முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைசியில் வருவது எல்லாரும் என்னை ஏசப்போகும் இடம்: வடக்கும் கிழக்கும் பிறகு சேர வழி வைப்பதா? வைக்கத்தான் வேண்டும். பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த 1957 பண்டா செல்வா ஒப்பந்தத்திலேயே கிழக்கில் இரண்டு அல்லது அதற்கு மேல் பிராந்திய சபை, விரும்பினால் மாகாண எல்லை தாண்டிச் சேரலாம் என்று இருந்தது. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தம் இரண்டையும் தற்காலிகமாக இணைத்து, அது தொடர்வதா என்று கிழக்கில் வாக்கெடுப்பு என்றது, 1988இல் நடக்கவேண்டியதைத் தள்ளித் தள்ளியே வைத்து, 2006இல் நீதிமன்றம் இணைப்பையே செல்லாது என்றதும் கதை முடிந்தது. என் சமஷ்டியில் வாக்கெடுப்பு கட்டாயம் உண்டு, ஆனால் கிழக்கின் ஒவ்வொரு மாவட்டத்திலும் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும். அப்படி வைத்தால் இணைப்பு ஒருநாளும் நடக்காது என்று தமிழரசுக் கட்சிக்காரர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும், அயலூர்க்காரனைக் கேட்டு அவன் ஆம் என்று சொல்ல முடியாத இணைப்பை எந்தச் சட்டத்தில் எழுதி என்ன செய்வது?